கல்லை அளந்த ஒளி

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

    

இம்மேடையில் ஆண்டுதோறும் புலவர் பெருமக்கள் பேசக் கேட்டு இன்புற்றிருக்கிறோம். இவ்வாண்டு செயலாளர் எம்மைப் பேசப் பணித்தபோது மிகவும் தயங்கினோம். புலமை எம்மிடம் இல்லை. மெட்ரிகுலேஷன் தேறியதோடு எம் படிப்பு நின்றது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கரக்பூரில் ரயில்வே சரக்கு அலுவலகத்தில் ரசீதும் பேரேடும் பார்த்தே காலம் கழிகின்றது. ஆயினும், சென்ற மழைக்காலத்தில் யாம் கண்ட ஒரு காட்சியையும், அதனால் எமக்கு விளங்கிய எம் பிழை ஒன்றையும் உங்கள் முன் வைப்பது நலம் எனத் துணிந்து வந்திருக்கிறோம்.

எம் மேசைமேல் ஒரு கல் உண்டு. கைப்பிடி அளவினது, கருநிறம், உடைந்த பக்கத்தில் எண்ணெய் தடவினாற்போல் ஒரு மினுக்கம். எம் தந்தையார் பல்லாவரத்தில் பிறந்தவர். ரயில்வேயில் வேலை கிடைத்து இவ்வூருக்கு வந்தபோது, திரிசூலம் கல்லுடைக்கும் இடத்திலிருந்து அதை எடுத்து வந்தார். மின்விசிறிக் காற்றில் தாள்கள் பறவாமல் இருக்க அதை மேசைமேல் வைத்தார். அவர் காலத்திற்குப் பின் கல்லும் எம்மிடம் வந்தது. அதே வேலையைச் செய்து வந்தது. ஊர்க்கல் என்ற பாசத்திற்குமேல் அதைப்பற்றி யாம் ஒன்றும் அறியோம்.

நம் காலனியில் வளர்ந்த பிள்ளை ஒருவர் கல்லூரியில் நிலநூல் பயில்கிறார். ஒரு நாள் வீட்டிற்கு வந்தவர் அக்கல்லைக் கையிலெடுத்து, சன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மாமா, இந்தக் கல்லுக்குக் கல்கத்தாவில் ஓர் உடன்பிறப்பு இருக்கிறது, தெரியுமா?" என்று கேட்டார். யாம் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எம்மை ஹௌரா ரயிலேற்றி அழைத்தே சென்றுவிட்டார்.

கல்கத்தாவில் செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்துள் எண்கோண வடிவில் ஒரு கல்லறை மண்டபம் உள்ளது. கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலராக 1690-ஆம் ஆண்டில் ஹூக்ளிக் கரையில் வந்து தங்கிய ஜாப் சார்னாக் என்பவர் அங்கே அடக்கமாகியிருக்கிறார். அவர் இறந்தது 1692 ஜனவரி என்று கல்லில் பொறித்திருக்கிறது. அக்காலத்து ஆங்கிலேயருக்கு மார்ச்சு மாதத்தில் ஆண்டு பிறக்கும். ஆகவே நம் கணக்கில் அது 1693 ஜனவரி. மண்டபத்தின் உள்ளே ஒரு கரும்பலகைக் கல். அதன்மேல் லத்தீன் எழுத்துகள். வருபவரெல்லாம் எழுத்தைப் பார்ப்பர். எழுத்தைத் தாங்கிய கல்லைப் பார்ப்பவர் அரியர்.

பார்த்தவர் ஒருவர் இருந்தார். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணிபுரிந்த தாமஸ் ஹாலந்து என்பவர் அவர். 1893-ஆம் ஆண்டில் அக்கல்லைப்பற்றி வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். கங்கைச் சமவெளி வண்டல் மண். கல்கத்தாவைச் சுற்றிக் கருங்கல் மலை ஏது? இக்கல் சென்னைக்கு அருகே பரங்கிமலை, பல்லாவரம் பகுதிக் குன்றுகளின் பாறையோடு ஒத்தது என்று அவர் கண்டார். அப்பாறை வகைக்கு அதுவரை தனிப்பெயர் இல்லை. சார்னாக்கின் கல்லறையை நினைந்து 'சார்னோக்கைட்' என்று பெயரிட்டார். 1900-ஆம் ஆண்டில் தென்னாட்டுச் சார்னோக்கைட் பாறைகளைப்பற்றிப் பெருநூல் ஒன்றும் வெளியிட்டார். இன்று ஆப்பிரிக்காவிலும் அண்டார்க்டிகாவிலும் கிடைக்கும் இவ்வகைப் பாறைக்கும் அப்பெயரே வழங்குகின்றது. தாம்பரம் செல்லும் மின்சார ரயிலில் போவோர் பரங்கிமலைக்கும் பல்லாவரத்திற்கும் இடையே காணும் குன்றுகள்தாம் அவை. மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகைக்கோயில் ஒன்றும் பல்லாவரத்துக் குன்றில் உண்டு.

எமக்கு ஓர் ஐயம் எழுந்தது. கறுப்பாக இருக்கும் கற்கள் ஆயிரம். எழுத்து லத்தீன், கிடக்கும் இடம் வங்காளம். இவ்வகைக் கல்தான் இது என்று எவ்வாறு துணிந்து சொல்வது? இதைக் கேட்டதும் அப்பிள்ளை, "உங்கள் கல்லில் ஒரு சில்லுத் தாருங்கள், அளந்தே காட்டுகிறேன்" என்றார். அவர் அளந்த முறையை எமக்கு விளங்கிய அளவில் சொல்லுகிறோம்.

சில்லின் ஒரு முகத்தை வழவழப்பாகத் தேய்த்துக் கண்ணாடித் துண்டின்மேல் ஒட்டுகிறார்கள். பிறகு மறுமுகத்தைத் தேய்க்கத் தொடங்குகிறார்கள். தேய்த்துத் தேய்த்து 0.03 மில்லிமீட்டர் கனத்திற்குக் கொண்டுவருகிறார்கள். அது நம் தலைமயிரின் பருமனிலும் குறைவு. அந்நிலையில் கருங்கல் கருங்கல்லாக இராது. அதற்குள் ஒளி ஊடுருவும். சில மணிகள் கண்ணாடிபோல் தெளிந்தும் சில வெளிர்ந்த நிறத்தோடும் தோன்றும். இவ்வாறு பாறையைச் சீவி நுண்ணோக்கியில் பார்க்கும் வழக்கத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பாறை நூலில் நிலைபெறச் செய்தவர் ஹென்றி சார்பி என்ற ஆங்கிலேயர்.

அந்த நுண்ணோக்கியில் ஒரு விசேடம் உண்டு. சாதாரண ஒளி எல்லாத் திசைகளிலும் அதிர்ந்துகொண்டு வருவது. கல்லின் கீழே உள்ள ஒரு தட்டு அவற்றுள் ஒரு திசை அதிர்வை மட்டுமே விடும். கல்லின் மேலே இன்னொரு தட்டு. அது குறுக்குத் திசை அதிர்வை மட்டுமே விடும். நடுவில் ஒன்றும் இல்லையேல் கீழ்த்தட்டு விட்டதை மேல்தட்டு தடுத்துவிடும். கண்ணுக்கு இருளே தெரியும். முற்காலத்தில் இத்தட்டுகளின் இடத்தில், ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் நிக்கல் 1828-ஆம் ஆண்டில் அமைத்த படிகப் பட்டகங்கள் இருந்தன.

இப்பொழுது அவ்விருளில் பாறைச் சீவலை வைத்தால் என்ன ஆகும்? 1669-ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டு பார்த்தோலின் என்ற அறிஞர் ஒரு படிகத்தை எழுத்தின்மேல் வைத்தார். எழுத்து இரண்டாகத் தெரிந்தது. அது கால்சைட் என்னும் கனிமம். பல கனிமங்கள் தம்முள் புகும் ஒளியை இரண்டாகப் பிரித்து இரு வேறு வேகத்தில் நடத்துகின்றன. இதற்கு இரட்டை ஒளிவிலகல் என்று பெயர்.

நாம் ரயில்வேக் குடும்பத்தார். நமக்கு விளங்கும்படி சொல்லுவோம். இரட்டைப் பாதையில் இரண்டு வண்டிகள் ஒரே நேரத்தில் ஒரே திசையில் புறப்படுகின்றன என்று கொள்ளுங்கள். ஒரு பாதையில் கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம் ஆகின்றது. மற்றப் பாதையில் வேகக் கட்டுப்பாடு, கிலோமீட்டருக்கு 1.2 நிமிடம் ஆகின்றது. 60 கிலோமீட்டர் சென்றபின் இரண்டாவது வண்டி எவ்வளவு பின்தங்கும்? 60-ஐ 0.2-ஆல் பெருக்கினால் 12 நிமிடம். பின்தங்கல் என்பது தூரத்தையும் வேறுபாட்டையும் பெருக்கி வருவது. தூரம் தெரிந்து தாமதமும் தெரிந்தால் வேறுபாட்டைக் கணக்கிடலாம்.

கல்லிலும் கணக்கு இதுவே. தூரம் என்பது சீவலின் கனம். வேறுபாடு என்பது அக்கனிமத்தின் இரண்டு ஒளிவிலகல் எண்களுக்கு இடையே உள்ளது. அது கனிமத்தின் பிறவிக் குணம். குவார்ட்ஸுக்கு மிகுதியாக 0.009, கால்சைட்டுக்கு 0.172. இரண்டும் கண்ணாடிபோல் தெளிந்தவை. எண்ணோ ஏறத்தாழ இருபது மடங்கு வேறு.

தாமதத்தை எப்படி அறிவது? இயற்கை இங்கே ஓர் அழகிய உதவி செய்கின்றது. பிரிந்த இரண்டு கதிர்களும் மேல்தட்டில் ஒன்றுசேரும்பொழுது, எந்த நிறத்தின் ஒரு முழு அலைநீளத்திற்குத் தாமதம் சமமாகின்றதோ அந்த நிறம் அவிந்துபோகும். எஞ்சிய நிறங்கள் கண்ணுக்கு வரும். தாமதம் 550 நானோமீட்டர் அளவானால் பச்சை அவியும், செந்நிறம் தோன்றும். ஆகவே தோன்றும் வண்ணமே தாமதத்தின் அளவு. தாமதம் கூடக்கூடச் சாம்பல், வெள்ளை, மஞ்சள், செம்மை, நீலம், பச்சை, மறுபடி மஞ்சள், செம்மை என்று வரிசை வரிசையாக வண்ணங்கள் திரும்பும். பிரெஞ்சு அறிஞர் மிஷேல் லெவி இவற்றையெல்லாம் ஒரே வண்ணப் படத்தில் அடைத்து 1888-ஆம் ஆண்டில் வெளியிட்டார். கனம் ஒரு பக்கம், தாமதம் ஒரு பக்கம், வேறுபாடு சாய்கோடுகளாக அமைந்த அப்படம், நம் ரயில்வே கட்டண அட்டவணைபோல் பார்த்தவுடன் விடை தரும்.

வண்ணம் திரும்பத் திரும்ப வருவதால் எந்த வரிசை மஞ்சள், எந்த வரிசை பச்சை என்ற மயக்கம் வரலாம். அதற்கு, ஒரு முனையில் மெலிந்து மறுமுனையில் தடித்த குவார்ட்ஸ் ஆப்பு ஒன்றை நுண்ணோக்கியின் பக்கத் துளையில் மெல்லச் செலுத்துகிறார்கள். முன்னே வந்த வண்டிக்கு அடுத்த பகுதியில் வேகக் கட்டுப்பாடு விதித்தால் பின்தங்கிய வண்டி அதை எட்டிப் பிடிக்குமன்றோ? அதுபோல ஆப்பு அந்தத் தாமதத்தைச் சிறிது சிறிதாகத் தீர்க்கும். வண்ணங்கள் ஒவ்வொன்றாக இறங்கி வந்து, கணக்கு நேரானவுடன் மணி கறுத்துவிடும். எத்தனை செம்மை கடந்தது என்று எண்ணினால் வரிசை தெரிந்துவிடும்.

இனி யாம் கண்டதைச் சொல்லுகிறோம். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் எம் தந்தையாரின் கல் ஒரு சிறு கண்ணாடித் துண்டில் இருந்தது. கண்ணை வைத்துப் பார்த்தோம். சாம்பலும் வெள்ளையுமாகச் சில மணிகள்; நடுவே ஒரு மணி முற்றும் கறுப்பு. "இந்த மணியில் ஒன்றும் இல்லையே! வெறும் இருட்டு" என்றோம். அப்பிள்ளை ஒன்றும் சொல்லாமல் கல் வைத்திருந்த வட்டத் தட்டை மெல்லத் திருப்பினார். இருண்டிருந்த மணி வெளுத்தது, மஞ்சளாயிற்று, நாற்பத்தைந்து பாகை திரும்பியபோது சாமந்திப் பூப்போல் ஒளிர்ந்தது. யாம் திகைத்துப்போனோம்.

"மாமா, ஒரே நிலையில் பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்லக்கூடாது. இரட்டை விலகல் உள்ள மணியும் ஒரு முழுச் சுற்றில் நான்கு முறை இருண்டு காட்டும். அதன் அதிர்வுத் திசை நம் தட்டின் திசையோடு ஒன்றும்போது ஒளி பிரிவதில்லை. இருளைக் கண்டபின் நாற்பத்தைந்து பாகை திருப்பித்தான் அளக்க வேண்டும்" என்றார்.

மேலும் இரண்டு எச்சரிக்கைகள் சொன்னார். ஒரு மணியை மட்டும் பார்த்து முடிவு கட்டலாகாது. படிகம் வெட்டுப்பட்ட திசைக்குத் தக்க அதன் வேறுபாடு குறைந்து தோன்றும். சில திசையில் வெட்டினால் தோன்றவே தோன்றாது. ஆதலின் ஒரே கனிமத்தின் பல மணிகளையும் பார்த்து, எது மிக உயர்ந்த வண்ணம் காட்டுகின்றதோ அதையே கணக்கில் கொள்ள வேண்டும். மற்றொன்று, அளக்குமுன் சீவலின் கனம் சரிதானா என்று சோதிக்க வேண்டும். நன்கு அறிந்த குவார்ட்ஸே அதற்குச் சாட்சி. 0.03 மில்லிமீட்டரில் அதன் தாமதம் 270 நானோமீட்டர். வெளிர்ந்த வெண்மையே தெரியும். குவார்ட்ஸ் நல்ல மஞ்சளாகத் தெரிந்தால் சீவல் தடிப்பாக இருக்கின்றது என்று பொருள். குறை கல்லில் இல்லை. தேய்த்தவர் கையில் இருக்கின்றது.

எம் கல்லில் குவார்ட்ஸ் வெண்மையாகவே இருந்தது. மஞ்சள் மணிகள் பலவற்றைப் பார்த்து உயர்ந்த வண்ணத்தை எடுத்து, ஆப்பைச் செலுத்திக் கணக்கிட்டார். தாமதம் ஏறத்தாழ 390 நானோமீட்டர். கனம் 30,000 நானோமீட்டர். வகுத்தால் 0.013. "இதுதான் ஹைப்பர்ஸ்தீன்" என்றார். இக்கால நூல்கள் அதை ஆர்த்தோபைராக்சீன் என்ற குடும்பப் பெயரால் வழங்குகின்றனவாம். அதன் உறவான ஆஜைட் என்ற கனிமமும் கையில் பிடித்துப் பார்த்தால் கறுப்பே. ஆனால் இதே கனத்தில் அது இரண்டாம் வரிசைப் பச்சை வரை ஏறும். மேல்தட்டை நீக்கித் திருப்பியபோது எம் மணி இளஞ்சிவப்பும் இளம்பச்சையுமாக மாறியதும் ஹைப்பர்ஸ்தீனுக்கு மற்றொரு சான்று.

குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் ஹைப்பர்ஸ்தீனும் கூடிய இப்பாறை, பூமியின் ஆழத்தில், மிகுந்த வெப்பத்தில், நீர் மிகக் குறைந்த சூழலில் உருவானது. சென்னைப் பக்கத்துப் பாறையின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. கல்லறைக் கல்லாகி வங்காளத்தில் முந்நூறு ஆண்டுக்கு மேல் இருந்தும் அதன் உள்ளே இருப்பது மாறவில்லை. மேலே பொறித்த லத்தீன் எழுத்தும் அதை மாற்றவில்லை.

அன்பர்களே! ரயிலில் வீடு திரும்பும்போது, ஹௌராவிலிருந்து கரக்பூர் வரை எமக்கு ஒரு சிறுமியின் முகமே நினைவில் நின்றது. சென்ற ஆண்டு விழாவில் சிறுவர் பேச்சுப் போட்டிக்கு யாம் நடுவராக இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அச்சிறுமி பேசத் தொடங்கி நான்கைந்து வாக்கியம் ஆகியிருக்கும். கையிலிருந்த தாள் நழுவி எம் காலடியில் விழுந்தது. எடுத்தோம். தமிழ்ப் பேச்சை வங்க எழுத்தில் எழுதி வைத்திருந்தாள். "தமிழ் எழுத்துத் தெரியாதவருக்குத் தமிழ்ப் போட்டியில் என்ன வேலை?" என்று ஒலிபெருக்கி முன்னிலையிலேயே சொல்லி, பட்டியலில் அவள் பெயரை அடித்துவிட்டோம். அவள் அழவில்லை. தாளை வாங்கி நான்காக மடித்துக்கொண்டு இறங்கிப்போனாள். அக்குடும்பத்தார் பொங்கல் விழாவிற்கும் வரவில்லை, புத்தாண்டுக்கும் வரவில்லை.

அச்சிறுமி பள்ளியில் கற்பது வங்க எழுத்து. வீட்டில் பேசுவது தமிழ். தாய் சொல்லச் சொல்லத் தான் அறிந்த எழுத்தில் எழுதி, இரவெல்லாம் உருப்போட்டு வந்திருக்கிறாள். அவள் பேசிய அந்த நான்கைந்து வாக்கியங்களில் ழகரமும் ளகரமும் பிழையின்றி ஒலித்தன. அதை யாம் கேட்டும் கேளாதவராயினோம். எழுத்தைப் பார்த்தோம், கல்லைப் பார்க்கவில்லை. ஒரே ஒரு நிலையில் கண்டு, இருள் என்று தீர்ப்புச் சொன்னோம். நுண்ணோக்கியின் தட்டைத் திருப்ப ஒரு விரல் போதும். அந்த ஒரு விரலின் உழைப்பைக்கூட யாம் அக்குழந்தைக்காகச் செய்யவில்லை.

எம் அளவுகோலையும் யாம் சோதிக்கவில்லை. பல்லாவரத்தில் பிறந்தவர் எம் தந்தையார். யாமோ இக்கரக்பூரில் பிறந்தோம். எமக்குத் தமிழ் எழுத்துத் தெரிவது எம் திறத்தால் அன்று. அந்நாளில் அலுவல் முடிந்து வந்த தந்தையார் மண்ணெண்ணெய் விளக்கருகே எம்மை உட்கார வைத்து எழுதப் பழக்கியதால். அக்காலனிப் பிள்ளைகளுக்கு அதுபோல் எழுதப் பழக்க இன்று யாம் என்ன செய்தோம்? குவார்ட்ஸ் மஞ்சளாகத் தெரிந்தால் குறை தேய்த்தவர் கையில் என்று அப்பிள்ளை சொன்னாரே, அச்சொல் எமக்கே பொருந்தியது.

சென்ற மாதம் யாமும் எம் மனைவியும் அக்குடும்பத்தார் வீட்டிற்குச் சென்றோம். பிழை எம்முடையது என்று சிறுமியின் முன்னிலையிலேயே சொன்னோம். அவ்வம்மையார் காப்பி கொடுத்து உபசரித்தார். கோபமாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. விழாவிற்கு வரவேண்டும் என்று அழைத்தபோது, "பார்க்கலாம்" என்றார். அதற்குமேல் வற்புறுத்த எமக்கு உரிமையில்லை. சிறுமி மட்டும் வாயில்வரை வந்து, "மாமா, அந்தக் கல்லை எனக்குக் காட்டுவீர்களா?" என்று கேட்டாள். காட்டுவதாகச் சொல்லி வந்திருக்கிறோம்.

பிள்ளைகளுக்கு ஒரு சொல். இவ்வண்ணங்களைக் காண நுண்ணோக்கி வேண்டுமென்பதில்லை. கணினியின் எல்.சி.டி. திரை வெள்ளையாக ஒளிரும்போது அதன் முன் ஒரு தெளிந்த பிளாஸ்டிக் அளவுகோலைப் பிடியுங்கள். போலராய்டு குளிர்கண்ணாடி வழியாகத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். நிறமற்ற பிளாஸ்டிக்கில் வானவில் தோன்றும். திரையின் ஒளி ஒரு தட்டின் வழியே வருவது. கண்ணாடி மற்றொரு தட்டு. வார்க்கும்போது பிளாஸ்டிக்குள் தங்கிய இறுக்கமே அங்கே ஒளியைப் பிரிக்கின்றது.

சங்கத்தின் செயற்குழுவிற்கு எமது விண்ணப்பம் இரண்டு. பேச்சுப் போட்டியில் காதால் கேட்பதற்கே மதிப்பெண் என்று விதி செய்யுங்கள். பிள்ளையின் கையிலிருக்கும் தாள் எந்த எழுத்தில் இருந்தால் என்ன? அடுத்து, எழுத்துத் தெரியாத பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பிப்பது நம் கடன். அதற்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். வருகின்ற ஞாயிற்றுக்கிழமை முதல் மாலை ஐந்து மணிக்கு எம் வீட்டுத் தாழ்வாரத்தில் பாய் விரித்திருக்கும். பலகையும் எழுதுகோலும் யாம் வாங்கி வைக்கிறோம். பெற்றோர் பிள்ளைகளை அனுப்பினால் போதும். கல்லும் அங்கேயே மேசைமேல் இருக்கும்.